பட்டா இல்லாத மண்ணிலிருந்து சட்டமன்றத்துக்கு: டேவிட் கிராக்கெட்

டேவி கிராக்கெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காட்டோரத்தில் மரவீடு கட்டி, வேட்டையாடிப் பிழைத்த மனிதர். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாதவர். அவர் எப்படி அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டமன்றத்தில் போய் உட்கார்ந்தார், போனவர் அங்கே ஏதாவது செய்தாரா, அல்லது மெக்சிகோவிலிருந்து பிரியப் போராடிய டெக்சாஸின் அலமோ கோட்டையில் உயிரை விட்டதால் மட்டும் பெயர் நின்றுவிட்டதா என்பது உங்கள் கேள்வி.

செய்தார். ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் விடாமல் மோதினார், அதிலும் தன் ஆயுளில் ஜெயிக்கவில்லை. அந்த விஷயம் நிலம். கையில் பத்திரம் இல்லாமல் காட்டை வெட்டி வயலாக்கிய குடும்பத்துக்கு அந்த வயல் சொந்தமாக வேண்டும், அவ்வளவுதான். அவர் பெயரோடு சேர்ந்துவிட்ட, ராக்கூன் என்ற விலங்கின் தோல் தொப்பியையும் அலமோவையும் ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் வாழ்க்கையைப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வரும். அதனால் அந்த வழியாகவே சொல்கிறேன்.

கிராக்கெட் பிறந்தது 1786 ஆகஸ்ட் 17. இடம், இன்றைய கிழக்கு டென்னசியில் நோலிசக்கி ஆற்றங்கரை. அன்றைக்கு டென்னசி என்று ஒரு மாநிலமே கிடையாது. அந்தப் பகுதி வட கரோலினாவைச் சேர்ந்தது. அங்கிருந்த குடியேறிகள் "ஃபிராங்க்ளின் மாநிலம்" என்று தாங்களாகவே ஒன்றை அறிவித்து நடத்திக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் அங்கீகரிக்கவில்லை, சில வருடங்களில் கலைந்துபோனது. யாருடைய ஆட்சி, யார் கொடுக்கும் பத்திரம் செல்லும் என்பதே தெளிவில்லாத மண்ணில் பிறந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மண்ணுக்கு ரத்த விலையும் உண்டு. அவர் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1777இல், அவருடைய தாத்தாவும் பாட்டியும் பூர்வகுடி வீரர்களின் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். காது கேளாத, வாய் பேசாத ஒரு சிற்றப்பா பிடிபட்டுப் பல வருடங்கள் கழித்துத்தான் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தார். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பிற்காலத்தில் எப்படி வாக்களித்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதுதான் இந்த வாழ்க்கையில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைக்கும் இடம்.

அப்பா ஜான் கிராக்கெட், பிரிட்டனுக்கு எதிரான சுதந்திரப் போரில் கிங்ஸ் மவுண்டன் சண்டையில் நின்றவர். போர் அவருக்குப் பணம் எதுவும் சேர்த்துக் கொடுக்கவில்லை. கூட்டாளியோடு சேர்ந்து ஓடைக்கரையில் ஒரு மாவு ஆலை கட்டினார். முடிவதற்குள் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அப்புறம் வண்டிப் பாதையோரம் ஒரு சத்திரம் நடத்தினார். வண்டிக்காரர்கள் வந்து தங்குவார்கள், குடிப்பார்கள், போவார்கள். கடன் மட்டும் போகவில்லை.

டேவிட்டுக்குப் பன்னிரண்டு வயதானபோது, மாடு ஓட்டிச் செல்லும் ஒருவரிடம் அப்பா அவரைக் கூலிக்கு அனுப்பினார். அறிமுகமில்லாத மனிதரோடு வர்ஜீனியா வரை நூற்றுக்கணக்கான மைல் நடை. திரும்பி வந்தார். பள்ளிக்கு அனுப்பினார்கள், நாலே நாள் போனார். இன்னொரு பையனோடு அடிதடி, வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து பள்ளிக்குப் போகாமல் காட்டில் ஒளிந்தது, விஷயம் வீட்டுக்குத் தெரிந்து அப்பா கம்போடு துரத்தியது என்று அடுக்கடுக்காக நடந்து, பையன் வீட்டை விட்டே ஓடிப்போனார். திரும்பி வர இரண்டரை வருடம் ஆனது. இரவு நேரம் சத்திரத்துக்குள் வழிப்போக்கர்போல வந்து உட்கார்ந்தவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு சகோதரிதான் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

அதற்கடுத்து அவர் செய்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். அப்பா ஒருவருக்கு 36 டாலர் கடன்பட்டிருந்தார். அதை அடைக்க டேவிட் ஆறு மாதம் அந்த ஆளிடம் வேலை செய்தார். பிறகு குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கனடே என்ற பெரியவரிடம் வேலைக்குப் போனார். அங்கும் அப்பாவின் 40 டாலர் கடன் சீட்டு இருந்தது. இன்னொரு ஆறு மாத உழைப்பு. அடைந்து முடிந்த சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கொடுத்தபோது, மகன் கடனை வசூலிக்கத்தான் வந்திருக்கிறான் என்று முதலில் நினைத்துக்கொண்ட அப்பா, விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டார். கடன் சீட்டு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அவர் பிற்காலத்தில் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

படிப்பும் அந்தக் குவேக்கர் வீட்டில்தான் கிடைத்தது. பெரியவரின் மகன் பள்ளி நடத்தினார். வாரத்தில் நாலு நாள் படிப்பு, இரண்டு நாள் அதற்கு ஈடாக வேலை. ஆறு மாதம். எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்குப் போட. அவ்வளவுதான் அவருடைய மொத்தக் கல்வி.

1806இல் பாலி ஃபின்லி என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். சீதனமாக இரண்டு மாடும் கன்றுகளும் வந்தன. சொந்த நிலம் இல்லை. குத்தகைக்கு எடுத்துச் சில வருடம் உழுதார். குத்தகைப் பணமே விளைச்சலைத் தின்றுவிடுகிறது என்று புரிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்கே நகர்ந்தார். இந்த நகர்தல் அவர் வாழ்க்கை முழுக்கத் தொடரும். கிழக்கு டென்னசியிலிருந்து நடு டென்னசி, அங்கே இரண்டு இடம், பிறகு தெற்கு ஓரம், பிறகு மேற்கு மூலை, கடைசியில் டெக்சாஸ். காலில் சக்கரம் கட்டிய நாடோடி என்று சிலர் எழுதுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் நிலம் விலையேறி, பத்திரக்காரர்கள் வந்துசேர்ந்த இடத்திலிருந்து, இன்னும் விலை வராத இடத்துக்கு நகர்ந்திருக்கிறார். காசில்லாதவன் நிலம் தேடினால் அந்தத் திசையில்தான் போயாக வேண்டும்.

1813இல் க்ரீக் என்ற பூர்வகுடி மக்களோடு போர் வந்தது. மிம்ஸ் கோட்டையில் குடியேறிகள் பெருமளவில் கொல்லப்பட்ட செய்தி பரவியதும் கிராக்கெட் தன்னார்வப் படையில் சேர்ந்தார். அந்த நவம்பர் 3ஆம் தேதி டாலுஷாட்சீ என்ற க்ரீக் கிராமத்தை டென்னசிப் படை சுற்றி வளைத்தது. ஏறத்தாழ 186 க்ரீக் வீரர்கள் இறந்தார்கள். ஒரு வீட்டுக்குள் 46 பேர் ஓடி ஒளிந்தபோது வீட்டோடு கொளுத்தினார்கள். பட்டினி கிடந்த படை மறுநாள் அதே எரிந்த வீட்டின் நிலவறையில் இருந்த உருளைக்கிழங்குகளைத் தின்றது. எரிந்த உடல்களின் கொழுப்பு ஒழுகி அவற்றில் ஊறியிருந்தது என்று கிராக்கெட்டே எழுதியிருக்கிறார். 1834இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் இந்தப் பகுதியை மறைக்காமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொல்கிறார். அதனால்தான் அந்தப் புத்தகத்தை, கதைக்கட்டுகள் நிறைய இருந்தாலும், நான் நம்பிப் படிக்கிறேன்.

போரிலிருந்து திரும்பிய 1815இல் பாலி இறந்துபோனார். மூன்று சின்னக் குழந்தைகள். போரில் கணவனை இழந்த எலிசபெத் பேட்டன் என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். அவருக்கும் இரண்டு குழந்தைகள், சொந்தமாகப் பண்ணை, கையில் கொஞ்சம் பணம், கணக்கில் கெட்டிக்காரத்தனம். கிராக்கெட் அரசியலுக்குள் கால் வைக்க முடிந்ததே இந்த அம்மா வீட்டைத் தாங்கியதால்தான்.

சரி, அரசியல் எப்படித் தொடங்கியது? 1817 வாக்கில் குடும்பம் தெற்கு டென்னசியில் ஷோல் ஓடைக்கு நகர்ந்தது. சிக்கசா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து அப்போதுதான் வாங்கப்பட்டிருந்த நிலம். அரசு இன்னும் முழுதாக வந்து சேராத இடம். திருட்டும் சண்டையும் மலிந்ததால் குடியேறியவர்கள் கூடி, தங்களுக்குள் சிலரை நியாயம் பேச நியமித்துக்கொண்டார்கள். அப்படி நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் கிராக்கெட். எழுத்து, பத்திரம் எதுவும் கிடையாது. ஒருவன் கடனைத் தராவிட்டால் காவலரைக் கூப்பிட்டு "அவனைப் பிடித்து வா" என்பார். பிறகு லாரன்ஸ் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவு, முறையாக அமைந்து, அவரையே மாஜிஸ்திரேட் ஆக்கினார்கள். இனி எல்லா ஆணையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று மாநிலம் சொன்னது. தன் பெயரை எழுதுவதே பெரிய வேலையாக இருந்த மனிதருக்கு அது திண்டாட்டம். பழகிப் பழகி எழுதக் கற்றுக்கொண்டார். தன் தீர்ப்புகள் எதுவும் மேல்முறையீட்டில் கவிழவில்லை என்றும், தான் சட்டப் படிப்பை நம்பாமல் இயல்பான நியாய உணர்வை நம்பித் தீர்ப்புச் சொன்னதாகவும் பெருமையோடு எழுதுகிறார்.

உள்ளூர்க் காவற்படைக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது அதிகாரியாகத் தேர்வானார்; "கர்னல் கிராக்கெட்" என்ற பெயர் அப்படி வந்தது. இவை எல்லாமே அக்கம்பக்கத்தார் பார்த்துப் பழகிய ஆளுக்குக் கொடுத்த பொறுப்புகள். கட்சி, பத்திரிகை எதுவும் அவரைத் தூக்கிவிடவில்லை.

1821இல் லாரன்ஸ், ஹிக்மன் என்ற இரண்டு கவுண்டிகளுக்கும் சேர்த்து மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றார். அதுவரை தன் வாழ்நாளில் ஒரு செய்தித்தாள்கூடப் படித்ததில்லை, அரசாங்கம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஹிக்மன் கவுண்டியில் ஒரு பெரிய அணில் வேட்டை விருந்து. கூட்டம் சேர்ந்ததும் பேசச் சொல்லிவிட்டார்கள். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. அப்போது ஒரு கதை சொன்னார்: வழியோரம் ஒருவன் காலிப் பீப்பாயைத் தட்டிக்கொண்டிருந்தானாம். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "சில நாள் முன்னால் இதில் ஆப்பிள் சாறு இருந்தது, இப்போதும் இருக்கிறதா என்று பார்க்கிறேன், வெளியே வரமாட்டேன் என்கிறது" என்றானாம். "அதுபோலத்தான் எனக்குள்ளும் கொஞ்ச நேரம் முன்னால் ஒரு பேச்சு இருந்தது, இப்போது வெளியே எடுக்க முடியவில்லை" என்றார் கிராக்கெட். கூட்டம் வெடித்துச் சிரித்தது. மேலும் இரண்டு கதை சொல்லிவிட்டு, தொண்டை வறண்டுவிட்டது என்று எல்லோரையும் மதுக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதிர்த்து நின்றவர் பேச எழுந்தபோது கேட்க அதிகம் பேர் மிச்சமில்லை.

இந்தச் சம்பவத்தை வைத்து அவரை வெறும் கோமாளி வேட்பாளர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஏமாந்த ஜனங்கள் இல்லை. படித்த வழக்கறிஞர்கள் வந்து நீதித்துறைச் சீர்திருத்தம் பேசுவதைக் கேட்டவர்கள்தான். தங்களைப் போலவே கடனும் காடும் அறிந்த ஒருவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நிற்பதைப் பார்த்தார்கள். ஓட்டுப் போட்டார்கள். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்தச் சமயத்தில் ஜேம்ஸ் போல்க் என்ற இளைஞரைச் சந்திக்கிறார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான அதே போல்க். "இந்த முறை நீதித்துறையில் பெரிய மாற்றம் வரும்போலிருக்கிறது" என்று போல்க் பேச்சுக் கொடுத்தார். நீதித்துறை என்ற வார்த்தையே கிராக்கெட்டுக்குப் புதிது. "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் அங்கிருந்து நழுவிவிட்டதாக எழுதுகிறார்.

அன்றைய தலைநகரம் மர்ஃபிரீஸ்பரோ. 1821 செப்டம்பரில் அவை கூடியது. மன்றத்தில் பெரும்பாலானோர் வசதியான நிலக்கிழார்களும் வழக்கறிஞர்களும். விவாதத்தின்போது மிட்செல் என்ற உறுப்பினர் கிராக்கெட்டைக் குறிப்பிட்டு "நாணற்காட்டிலிருந்து வந்திருக்கும் கனவான்" என்றார். ஏழைக் குடியேறிகள் நாணல் அடர்ந்த ஆற்றோரங்களில்தான் குடியிருந்தார்கள். அந்தச் சொல்லில் இருந்த குத்தல் அவையில் எல்லோருக்கும் புரிந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார் கிராக்கெட், கிடைக்கவில்லை. மிட்செல் மார்பில் சுருக்கம் வைத்துத் தைத்த அலங்காரத் துணி அணிபவர். அதே மாதிரி ஒரு துணி தெருவில் கிடந்ததைக் கிராக்கெட் எடுத்துத் தன் முரட்டுச் சட்டையில் குத்திக்கொண்டு அவையில் எழுந்து நின்றார் என்றும், சபை சிரித்த சிரிப்பில் மிட்செல் வெளியேறிவிட்டார் என்றும் சொல்வார்கள். அதன்பிறகு அந்தப் பட்டப்பெயரைக் கிராக்கெட் பெருமையோடு சுமந்தார்.

கூட்டத்தொடர் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஊரிலிருந்து செய்தி வந்தது. ஷோல் ஓடையில் வெள்ளம். அங்கே அவர் மாவு ஆலை, வெடிமருந்து ஆலை, சாராய ஆலை என்று மூன்றையும் சேர்த்து 3,000 டாலருக்கு மேல் போட்டுக் கட்டியிருந்தார். அதில் கடனும் உண்டு. மாவு ஆலையும் வெடிமருந்து ஆலையும் அடித்துக்கொண்டு போயின, அரைக்க வழியில்லாமல் சாராய ஆலையும் நின்றது. அப்பாவின் ஆலை போன அதே விதம். விடுப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். எலிசபெத், இருப்பதையெல்லாம் விற்றுக் கடனை அடைத்துவிடுவோம், மறுபடி உழைத்துக்கொள்ளலாம் என்றார். அந்த வார்த்தையைத்தான் அந்த நேரத்தில் கேட்க விரும்பியதாகக் கிராக்கெட் எழுதுகிறார். கடன்காரர்களுக்குக் கொடுத்து முடித்ததும், கையில் ஒன்றும் இல்லாத ஒரு சட்டமன்ற உறுப்பினராக மர்ஃபிரீஸ்பரோவுக்குத் திரும்பினார்.

இனிமேல்தான் நிலப் பிரச்சினை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மொத்தக் கதையின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

சுதந்திரப் போரில் சண்டையிட்ட வீரர்களுக்குச் சம்பளமாகக் கொடுக்க வட கரோலினாவிடம் பணம் இல்லை. பணத்துக்குப் பதிலாக நிலச் சீட்டு கொடுத்தது. முழுக் காலமும் பணியாற்றிய சாதாரணச் சிப்பாய்க்கு 640 ஏக்கருக்கான சீட்டு. நிலம் எங்கே? மேற்கே, மலைகளுக்கு அந்தப் பக்கம், அதாவது பிற்காலத்து டென்னசியில். அந்தப் பகுதியை மத்திய அரசுக்கு ஒப்படைத்தபோதும், எங்கள் சீட்டுகளுக்கு அங்கேதான் நிலம் தர வேண்டும் என்று வட கரோலினா நிபந்தனை போட்டது. 1796இல் டென்னசி மாநிலமான பிறகும் அந்த நிபந்தனை செல்லுபடியானது. சிப்பாய்கள் பலர் அந்தச் சீட்டை அற்ப விலைக்கு விற்றார்கள், வாங்கிக் குவித்தவர்கள் நில வியாபாரிகள். வாரிசில்லாமல் இறந்த வீரர்களின் சீட்டுகள் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

சீட்டு என்பது குறிப்பிட்ட ஒரு வயலுக்கான பத்திரம் அல்ல. காலியாக உள்ள எந்த இடத்திலும் இத்தனை ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமை. சீட்டுக்காரர் சர்வேயரோடு வருவார். ஒரு குடியேறி ஐந்து வருடம் மரம் வெட்டி, வேர் பிடுங்கி, சோளம் போட்டு, கிணறு வெட்டி, மரவீடு கட்டியிருப்பார். அவரிடம் பத்திரம் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அந்த இடம் "காலி". சர்வேயர் சங்கிலியைப் போட்டு அளந்தால், வீடும் வயலும் சீட்டுக்காரருக்கு. பண்படுத்திய நிலம்தான் நல்ல நிலம் என்பதால், அவர்கள் தேடி வந்ததும் பெரும்பாலும் அதைத்தான். குடியேறி வண்டியைக் கட்டிக்கொண்டு இன்னும் மேற்கே போக வேண்டியதுதான்.

கிராக்கெட் இதைக் கேள்வி ஞானத்தில் பேசவில்லை. அவர் வளர்ந்த வாழ்க்கையே இது. சட்டமன்றத்தில் நிலச் சீட்டு பற்றி எந்தப் பேச்சு வந்தாலும் அவர் சீட்டு வியாபாரிகளுக்கு எதிரே நின்றார். முதல் கூட்டத்தொடரிலேயே, வரி பாக்கி வைத்த மேற்குப் பகுதி நிலக்காரர்களிடம் இரட்டிப்பாக வசூலிப்பதிலிருந்து விடுவிக்கும் பக்கம் வாக்களித்தார்.

அந்தக் கூட்டத்தொடருக்குப் பிறகு மூத்த மகன் ஜான் வெஸ்லியைக் கூட்டிக்கொண்டு மேற்கு மூலைக்கு, ஒபையன் ஆற்றுப் பக்கம் நடந்தார். 1818இல், பின்னாளில் ஜனாதிபதியான தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனும் ஐசக் ஷெல்பியும் சிக்கசா மக்களிடமிருந்து பதினைந்து வருடத் தவணையில் 3,00,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டு எடுத்த பரப்பு அது. மிசிசிப்பி வரை நீளும் காடு. 1811-12 நிலநடுக்கங்களில் தாறுமாறாகச் சாய்ந்த மரங்கள், இடுக்கெல்லாம் நாணல், கரடி, மான். பக்கத்து வீடு ஏழு மைல் தள்ளி. 1822இல் குடும்பத்தைக் கொண்டுவந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வெடிமருந்து தீர்ந்துவிட, உறைபனி வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி மச்சினர் வீட்டுக்குப் போய், ஒரு சிறு பீப்பாய் மருந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். குழந்தைகளுக்கு இறைச்சி இல்லை, மருந்தில்லாமல் வேட்டை இல்லை. எலிசபெத் போகவேண்டாம் என்று கெஞ்சியும் போனார்.

வேட்டைத் தோல்களை விற்கப் பக்கத்து ஊருக்குப் போனபோதுதான் இரண்டாவது தேர்தல் வந்து ஒட்டிக்கொண்டது. நில்லுங்கள் என்று சிலர் பேச்சுவாக்கில் சொல்ல, முடியாது என்று வந்துவிட்டார். ஒன்றிரண்டு வாரத்தில் அவர் வேட்பாளர் என்று செய்தித்தாளில் அறிவிப்பே வந்துவிட்டது. யாரோ கேலிக்குச் செய்தது என்று தெரிந்ததும், சரி, நின்றே பார்த்துவிடுவோம் என்று இறங்கினார். எதிரே டாக்டர் வில்லியம் பட்லர். செல்வந்தர், ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு மனைவி வழி உறவு. கிராக்கெட் பெரிய பைகள் வைத்துத் தைத்த வேட்டைச் சட்டையோடு வந்தார்: ஒரு பையில் சாராயப் புட்டி, இன்னொன்றில் புகையிலை. ஒரு மடக்குக் குடிக்க வாக்காளர் வாயில் குதப்பும் புகையிலையைத் துப்ப வேண்டியிருக்கும். போகும்போது புதிதாக ஒரு துண்டு கொடுத்துவிட்டால் அவருக்கு நஷ்டமில்லை என்பது அவர் கணக்கு. பட்லர் வீட்டுத் தரைவிரிப்பைப் பார்த்துவிட்டு வந்து, "உங்கள் மனைவிமார் உடுத்தாத உயர்ந்த துணியை இவர் காலால் மிதிக்கிறார்" என்று ஊர் ஊராகச் சொன்னார் என்பார்கள். 1823இல் 247 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இரண்டாவது கூட்டத்தொடரில் காலி நிலங்களை ரொக்கத்துக்கு விற்கும் யோசனையை எதிர்த்தார். ரொக்கம் வைத்திருப்பவர் நில வியாபாரி மட்டும்தான், குடியேறியிடம் இருப்பது உழைப்பு மட்டும்தான் என்பது அவர் வாதம். மத்திய நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் உரிமை அன்று மாநிலச் சட்டமன்றத்துக்கு இருந்தது. மாநிலமே ஆண்ட்ரூ ஜாக்சன் பின்னால் நின்றபோது, ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்த வில்லியம்ஸ் நன்றாகத்தானே வேலை செய்தார் என்று அவருக்கு வாக்களித்தார். ஜாக்சன் ஜெயித்தார். போரில் தன் தளபதியாக இருந்த மனிதருக்கு எதிரே போட்ட முதல் வாக்கு அது, கடைசி அல்ல.

மாநிலச் சட்டமன்ற வாழ்க்கை அத்தோடு முடிகிறது. 1825இல் வாஷிங்டனில் கூடும் மத்திய நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நின்று தோற்றார். இடைவெளியில் பீப்பாய்ப் பலகை வியாபாரம் செய்ய முயன்று, மெம்ஃபிஸுக்குப் பக்கத்தில் மிசிசிப்பி ஆற்றில் படகு கவிழ்ந்து, சின்ன ஓட்டை வழியாகத் தோல் உரிய இழுத்துக் காப்பாற்றப்பட்டார். ஒரு வருடத்துக்குள் 105 கரடிகளைச் சுட்டதாகச் சொல்லும் கதையும் இந்தக் காலத்துடையதுதான். 1827இல் ஜெயித்து வாஷிங்டன் போனார்.

அங்கேயும் அதே நிலம். மேற்கு டென்னசியின் காலி நிலத்தை மாநிலத்திடம் கொடுத்துவிட்டால், விற்ற பணத்தில் பள்ளிகள் நடத்தலாம் என்று போல்க் ஒரு மசோதாவை முன்னெடுத்தார். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. கிராக்கெட்டின் கவலை வேறு: மாநிலம் கையில் எடுத்தால் விலை வைத்து விற்கும், அங்கே குடியிருக்கும் ஏழைகளால் வாங்க முடியாது, வீட்டை விட்டு விரட்டப்பட்ட குடும்பத்தின் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கு எப்படிப் போவார்கள்? ஆகவே 1829 ஜனவரியில், குடியிருப்பவர்களுக்கே ஆளுக்கு 160 ஏக்கர் நேரடியாகக் கொடுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார். சொந்த மாநிலத்துக்காரர்களே எதிர்த்தார்கள். தோற்றது. போல்க்கோடும் ஜாக்சன் அணியோடும் அவர் முறித்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

இப்போது நான் முன்னே சொல்லி நிறுத்திய விஷயம். 1830 மே மாதம், தென்கிழக்கில் வாழ்ந்த பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் அனுப்பும் ஜாக்சனின் மசோதா கீழவையில் 102க்கு 97 என்று நிறைவேறியது. டென்னசி உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் கிராக்கெட் ஒருவர்தான். தாத்தா பாட்டியைத் தாக்குதலில் இழந்த குடும்பம், டாலுஷாட்சீயில் துப்பாக்கியோடு நின்றவர், இந்தச் சட்டத்தை ஆவலோடு எதிர்பார்த்த தொகுதி. எல்லாக் காரணமும் ஆதரிக்கத்தான் இருந்தது. பொல்லாத, அநியாயமான மசோதா என்று சொல்லி எதிர்த்தார். செரோக்கிப் பூர்வகுடிகளின் தலைவர் ஜான் ராஸ் அவருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். தான் உழுதுகொண்டிருந்த ஒபையன் மண் சிக்கசாக்களுடையதாக இருந்தது என்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஏழைக் குடியேறிக்காக அவர் கேட்ட ஒவ்வொரு ஏக்கரும் வேறொருவரின் ஊராக இருந்த ஏக்கர். அடிமைகளையும் வைத்திருந்தார், கடன் நெருக்கியபோது விற்றார். நிலம் இல்லாத வெள்ளையர் படும் பாட்டை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த கண்ணுக்கு அது உறுத்தவில்லை. அவரைப் பிடித்திருக்கிறது என்பதற்காக இதை நான் மழுப்ப விரும்பவில்லை.

1831இல் தொகுதி அவரைத் தோற்கடித்தது. 1833இல் 173 வாக்கில் மீண்டார். ஜாக்சனின் எதிரணி அவரைக் கிழக்கு நகரங்களுக்கெல்லாம் அழைத்துப்போய்க் கொண்டாடியது. கூட்டம் கூடியது, துப்பாக்கி பரிசு கிடைத்தது. அந்த மும்முரத்தில் சபை வேலை பின்தங்கியது. நில மசோதா நகரவே இல்லை. 1835இல் ஆடம் ஹன்ட்ஸ்மனிடம் 252 வாக்கில் தோற்றார். என்னைத் தேர்ந்தெடுக்காவிட்டால் நீங்கள் நரகத்துக்குப் போங்கள், நான் டெக்சாஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் என்பார்கள்.

எதற்குப் போனார்? வீரமரணம் தேடி அல்ல. 1836 ஜனவரி 9 அன்று சான் அகஸ்டினிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. நான் பார்த்ததிலேயே உலகின் தோட்டம் இதுதான், நல்ல நிலம், நல்ல நீர், ஓர் ஆள் குடியேறினால் 4,438 ஏக்கர் கிடைக்கும் என்ற தொனியில் எழுதுகிறார். ஆறு மாதத்துக்குப் படையில் சேர்ந்திருக்கிறேன், இந்த மாகாணத்துக்கு அரசியல் சட்டம் எழுதும் சபைக்கு நான் தேர்ந்தெடுக்கப்படுவேன் என்று நம்புகிறேன் என்கிறார். நாற்பத்தொன்பது வயதில் மறுபடி அதே இரண்டு ஆசை: பத்திரம் உள்ள நிலம், சட்டம் எழுதும் சபையில் ஓர் இடம். இரண்டு மாதத்துக்குள், மார்ச் 6 விடிகாலையில், அலமோவில் இறந்தார்.

மூத்த மகன் ஜான் வெஸ்லி 1837இல் அப்பாவின் இடத்துக்கே காங்கிரஸுக்குத் தேர்வானார். பதவியிலிருந்து இறங்குவதற்குச் சற்று முன், 1841இல், அப்பாவின் நில மசோதாவின் மாற்றிய வடிவம் ஒன்றை நிறைவேற்றிவைத்தார். ஒபையன் பக்கத்துக் குடியேறிகளுக்குத் தாங்கள் உழுத நிலத்தைப் பேரில் எழுதிக்கொள்ள வழி பிறந்தது.

எலிசபெத் அதன்பிறகும் பல வருடம் டென்னசியிலேயே இருந்தார். போரில் இறந்தவரின் மனைவி என்ற முறையில் டெக்சாஸில் அவருக்கு நிலம் உரிமையானது. 1850களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பிள்ளைகளோடு அங்கே போய்க் குடியேறினார். 1860இல் இறந்து, அக்டன் என்ற சிற்றூரின் இடுகாட்டில் அடக்கமானார். கணவர் கடிதத்தில் ஆசைப்பட்ட டெக்சாஸ் மண்ணில் வீடு கட்டி வாழ்ந்தவர் அவர்தான்.